இயந்திரக் காப்புகளைக் கழற்ற விடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும், கடலூர் சிப்காட் வளாகத்திலும், இவற்றைச் சுற்றித் தெருக்களுக்குள் இயங்கும் சிறு பட்டறைகளிலும் வேலை செய்பவர்களின் கைகளுக்கு நேரும் காயங்களைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன். தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ்ஸும் கன்வேயரும் கலவை இயந்திரமும் ஓடும் தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான். கொதிகலன் வெடித்தாலோ நச்சு வாயு கசிந்தாலோ அது முதல் பக்கச் செய்தியாகிறது, ஆவதும் நியாயமே. ஆனால் ஓர் இளைஞனின் ஆள்காட்டி விரல் பிரஸ்ஸுக்கு அடியில் நசுங்கிப் போனால் அது எந்தப் பக்கத்திலும் இடம்பெறுவதில்லை. ஊருக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் என்று விரல் குறைந்த கைகளோடு நம்மிடையே நடமாடுகிறார்கள். பழகிப்போனதால் நாமும் அதை ஒரு செய்தியாக நினைப்பதில்லை.

விபத்துக்குப் பின் எழுதப்படும் அறிக்கைகளில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். இந்த முடிவோடு கோப்பு மூடப்படுவதைப் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட என் மனம் அதை ஏற்றதில்லை. ஒரு சிறிய பிரஸ்ஸில் நிமிடத்துக்கு 10 பீஸ் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். தேநீர், சாப்பாட்டு நேரம் போக 7 மணி நேரம் இயந்திரம் ஓடினாலே, அந்த ஆபரேட்டர் தகட்டை வைக்கவும் எடுக்கவும் ஒரு நாளில் 4,200 முறை டை எனப்படும் அச்சுக்குள் கையை விட்டு எடுக்கிறார். மறுநாளும் அதே கணக்கு. இரவு ஷிப்ட் என்றால் தூக்கக் கலக்கத்தோடு அதே கணக்கு. அத்தனை முறையும் கண்ணும் கையும் காலும் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் மனித உடலை அறியாதவர்கள். கை வெளியே வருவதற்குள், பெடலை மிதிக்கும் கால் ஒருமுறை முந்திக்கொண்டது என்றால், அதைக் கவனக்குறைவு என்று எழுதுவதற்கு முன்னால், அந்தக் கை அங்கே போக வேண்டிய தேவை ஏன் இருந்தது என்று கேட்க வேண்டும். நான் இங்கே சொல்லப்போவது எல்லாம் இந்தக் கேள்வியை ஒட்டியதுதான்.

நம் பகுதிச் சிறு பட்டறைகளில் ஓடும் பிரஸ்களில் பல, சாவி கிளட்ச் கொண்ட பழைய வகையைச் சேர்ந்தவை. பெடலை மிதித்ததும் கிளட்ச்சில் உள்ள சாவி, சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தோடு பிணைந்துகொள்ளும். அதன்பின், தகட்டை அடிக்கும் பாகமான ராம் கீழே இறங்கி மேலே ஏறி ஒரு சுற்றை முழுதாக முடித்தால்தான் நிற்கும். இடையில் அதை நிறுத்த எவராலும் முடியாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும், ஃப்ளைவீலில் தேங்கியிருக்கும் வேகம் அந்த அடியை முடித்துவிட்டுத்தான் ஓயும். இதை அறியாமல் சில உரிமையாளர்கள், நல்ல எண்ணத்தோடுதான், ஒளித்திரை சென்சாரை விலை கொடுத்து வாங்கி இவ்வகைப் பிரஸ்ஸில் பொருத்துகிறார்கள். கை உள்ளே இருப்பதைச் சென்சார் கண்டுகொள்ளும். நிறுத்து என்று சமிக்ஞையும் கொடுக்கும். ஆனால் சொன்ன இடத்தில் நிற்கும் திறன் அந்த இயந்திரத்துக்குக் கிடையாது. அடியின் நடுவிலேயே நிறுத்தக்கூடிய, உராய்வு கிளட்ச்சும் பிரேக்கும் உள்ள பிரஸ்ஸில் மட்டுமே ஒளித்திரை பயன் தரும். விற்பவர்கள் இதைச் சொல்லி விற்க வேண்டும். வாங்குபவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சாவி கிளட்ச்சில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சாவியோ அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கோ தேய்ந்துவிட்டால், ஒருமுறை மிதித்ததற்கு ராம் இருமுறை இறங்கும். முதல் அடி விழுந்துவிட்டது என்று நம்பி பீஸை எடுக்கக் கை உள்ளே போகும் அதே நேரத்தில் இரண்டாவது அடி விழும். 'மெஷின் டபுள் அடிக்குது' என்று ஆபரேட்டர் வந்து சொன்னால், அந்த நொடியே இயந்திரத்தை நிறுத்தி, கிளட்ச்சைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். இந்த லாட் முடியட்டும், லாரி நிற்கிறது, மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் மேற்பார்வையாளர், அடுத்து நடக்கப்போவதற்கு முழுப் பொறுப்பாளி ஆகிறார்.

இத்தகைய பிரஸ்ஸுக்கு ஏற்ற பாதுகாப்பு எளிமையானது, செலவும் குறைவு. டையைச் சுற்றி அசையாத தகட்டுக் காப்பு ஒன்றை அமைத்து, தகடு நுழைவதற்கு 6 மில்லிமீட்டருக்கு மிகாத இடைவெளி மட்டும் விட்டால் விரல் உள்ளே போகவே வழியில்லை. நீளப் பட்டையிலிருந்து வில்லைகளாக வெட்டி எடுக்கும் வேலைகளுக்கு இது அப்படியே பொருந்தும். ஒவ்வொரு பீஸாக வைத்து எடுக்க வேண்டிய வேலைகளில்தான் சிக்கல். அதற்கும் வழியுண்டு என்பதை நான் வேலை செய்த ஓர் ஆலையில் கண்ணாரக் கண்டேன். அங்கே டூல் ரூமில் இருந்த மூத்த தொழிலாளி ஒருவர், கழிவில் கிடந்த பித்தளைப் பட்டையை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, பீஸ் ஆடாமல் அமர்வதற்கு அதில் ஒரு குழிவு கடைந்து, பின்பக்கம் மரக் கைப்பிடி ஒன்றைப் பொருத்தினார். டையின் முன்னால் இரண்டு சட்டங்களுக்கு நடுவே அந்தப் பட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். கடைசிவரை தள்ளி முடித்தால்தான் பெடலுக்குக் கீழே இருந்த தடுப்பு விலகும். அதுவரை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் கிளட்ச் பிடிக்காது. அடித்த பீஸைக் காற்றுக் குழாய் ஊதிப் பின்பக்கம் தள்ளிவிடும். ஆபரேட்டரின் கை அந்த மரப்பிடியைத் தாண்டிப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. உற்பத்தி குறையும் என்று முதலில் முணுமுணுத்தவர்கள், குறையவில்லை என்று கண்டபின் மற்றப் பிரஸ்களுக்கும் அதையே கேட்டு வாங்கினார்கள். அவர் பொறியியல் படித்தவர் அல்லர். பிரஸ் ஓட்டுபவரின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அமர்ந்து, கை எங்கே போகிறது, ஏன் போகிறது என்று அரை நாள் பார்த்தவர்.

இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் மட்டுமே ராம் இறங்கும் ஏற்பாடும் நல்லதே. ஆனால் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தே அதன் பயன். மனிதக் கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்று வைத்துத்தான் இந்தத் தூரத்தைக் கணக்கிடுவது பன்னாட்டு நடைமுறை. ராம் இறங்கி முடிக்க அரை நொடி ஆகும் என்றால், அதற்குள் கை 80 சென்டிமீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். பொத்தான்களை வசதிக்காக டையின் அருகிலேயே வைத்துவிட்டால், அழுத்திய கையே கடைசி நேரத்தில் உள்ளே நுழைந்துவிடும். ஒரு பொத்தானில் மரச்சக்கையைச் செருகி வைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டுப் புதிதாக அழுத்தினால்தான் ஓடும்படி மின்சுற்றை அமைத்தால் அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடும்.

இனி, காப்புகள் ஏன் கழற்றப்படுகின்றன என்பதைச் சொல்ல வேண்டும். புதிய இயந்திரம் வரும்போது காப்புகளோடுதான் வருகிறது. சில மாதங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால் அவை சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டுத் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். டை மாற்றும்போது கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்ட நான்கு போல்ட் முடுக்க வேண்டும். அதற்குள் ஷிப்ட் மாறிவிடும். அல்லது, துண்டு சிக்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஸ்பேனர் தேடிப் போக முடியாது என்று விட்டுவிடுவார்கள். இதைக் கேட்டபோது ஓர் ஆபரேட்டர் என்னிடம் சொன்னது: 'கார்டு (காப்பு) மாட்டுனா நாளைக்கு டார்கெட் வராதுண்ணே. டார்கெட் வரலன்னா என்னைக் கேப்பாங்க, கார்டு இல்லன்னா யாரும் கேக்க மாட்டாங்க.' அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. பீஸ் கணக்கில் கூலி கொடுத்துவிட்டு, காப்பைக் கழற்றியவரைக் குற்றம் சொல்வதில் நேர்மை இல்லை. காப்பு மாட்டிய நிலையில் ஒரு ஷிப்டில் எத்தனை பீஸ் வரும் என்று அளந்து, அதையே டார்கெட்டாக வைக்க வேண்டும். அடிக்கடி திறக்க வேண்டிய காப்பு என்றால் அதைக் கீல் வைத்து அமைத்து, திறந்தவுடன் இயந்திரம் நிற்கும்படி லிமிட் சுவிட்சோடு இணைக்க வேண்டும். அந்த லிமிட் சுவிட்சையும் கம்பி சுற்றி அமுக்கி வைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படிச் சுற்றியிருப்பதைக் கண்டும் காணாமல் கடந்துபோகும் மேலாளர், அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்றுதான் பொருள்.

பராமரிப்பு வேலையின்போது நேரும் காயங்கள் இன்னும் கொடியவை. ஏனெனில் அங்கே விரலோடு நிற்காமல் முழங்கைவரை போய்விடுகிறது. கன்வேயர் பெல்ட்டும் ரோலரும் சந்திக்கும் வாய், இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வும் இடம், வி-பெல்ட் புல்லியில் ஏறும் முனை ஆகிய இவை கையைப் பிடித்து உள்ளே இழுப்பவை. பிடித்தபின் உதறி விடுவிக்க மனித பலம் போதாது. ரோலரில் ஒட்டிய கசடை ஓட்டத்திலேயே சுரண்டி எடுப்பதும், ஓடும் பெல்ட்டுக்குத் துணியால் மெழுகு பூசுவதும் நம் ஆலைகளில் அன்றாடக் காட்சிகள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு, ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான காப்பு அமைக்க வேண்டும் என்பதோடு, அவை இயங்கும் நேரமெல்லாம் அந்தக் காப்பு தன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றும் கூறியது. ஓடும் இயந்திரத்தின் அருகே செய்யும் வேலைகளுக்கு 22ஆவது பிரிவு தனிக் கட்டுப்பாடுகளை விதித்தது. சட்டத்தில் குறைவில்லை, கசடை நீளக் கைப்பிடிச் சுரண்டியால் எடுக்கவோ, இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுக்கவோ நேரம் ஒதுக்கப்படாததுதான் குறை.

நிறுத்துவது என்றால் பச்சை, சிவப்புப் பொத்தான்களில் சிவப்பை அமுக்குவது என்று பொருளல்ல. உள்ளே ஒருவர் கை வைத்துக்கொண்டிருக்கும்போது, மறுமுனையில் இருக்கும் இன்னொருவர், லைன் ஏன் நிற்கிறது என்று தெரியாமல் பச்சையை அமுக்கியதால் போன கைகள் பல. மெயின் சுவிட்சை அணைத்து, அதன் பிடியில் பூட்டு மாட்டி, சாவியை வேலை செய்பவர் தம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். 'ஆள் வேலை செய்கிறார், போடாதே' என்ற அட்டை அதில் தொங்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டுகள். கடைசி ஆள் தம் பூட்டைக் கழற்றும்வரை எவராலும் மின்சாரம் கொடுக்க முடியாது. பூட்டிய பின்னும் ஃப்ளைவீல் சுற்றி ஓயும்வரை காத்திருக்க வேண்டும். காற்று சிலிண்டரில் அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். தூக்கி நிறுத்திய ராமுக்குக் கீழே கட்டை கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து ஒருமுறை ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும். ஆளுக்கொரு நல்ல பூட்டு வாங்கும் செலவு, எந்த முதலாளியையும் கடனாளி ஆக்கிவிடாது.

கையுறையைப் பற்றி நிறையத் தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாளன்று பேனர் கட்டி, உறுதிமொழி எடுத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரியான பருத்திக் கையுறையைக் கொடுத்து நிகழ்ச்சியை முடித்துவிடுகிறார்கள். டிரில்லிங் மெஷின், லேத் போன்ற சுழலும் இயந்திரங்களில் அந்தக் கையுறையே விரலுக்கு எமன். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஓடும் டிரில் நொடிக்கு 10 முறை சுழல்கிறது. கையுறையின் ஒரு நூல் பிட்டில் சிக்கினால், ஏதோ இழுக்கிறது என்று மூளை உணர்ந்து கையைப் பின்னுக்கு இழுப்பதற்குள் இரண்டு சுற்றுகள் சுற்றி முடித்திருக்கும். சுழலும் பாகம் இருக்கும் இடத்தில் கையுறை கூடாது, முழுக்கைச் சட்டையின் தொங்கும் பொத்தான் பட்டை கூடாது, மோதிரமும் கூடாது. கோயில்களில் மணிக்கட்டில் கட்டிவிடும் கயிற்றை அவிழ்க்க மனம் வராது என்பதை நானும் உணர்வேன். அதை அரைஞாணோடு முடிந்துகொள்ளும்படி சொல்லி, என் பிரிவில் இருந்தவர்களைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். இயந்திரத்தில் துண்டு சீவல்களைக் கையால் அள்ளாமல், கொக்கியாலும் பிரஷ்ஷாலும் எடுக்க வேண்டும். கிரைண்டிங் சக்கரத்துக்கும் அதன் தாங்குதட்டுக்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தால், பிடித்திருக்கும் இரும்பு அதில் சிக்கி விரலையும் சேர்த்து இழுத்துவிடும். சக்கரம் தேயத் தேயத் தட்டை முன்னுக்கு நகர்த்த வேண்டும்.

தகடு, கண்ணாடி ஆகியவற்றைக் கையாள்பவர்களுக்கு வெட்டு தாங்கும் கையுறையும், வெல்டிங் செய்பவர்களுக்குத் தோல் கையுறையும் கட்டாயம் தேவை. ரசாயன ஆலைகளில் எந்தத் திரவத்துக்கு எந்தக் கையுறை என்பதே முக்கியமான கேள்வி. ஒரு கரைப்பானுக்குத் தாக்குப்பிடிக்கும் ரப்பர், இன்னொன்றில் ஊறி ஊடுருவ விட்டுவிடும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே தோல் வெந்துகொண்டிருக்கும். காஸ்டிக் சோடா பட்டால் முதலில் சோப்பு போல வழவழப்பு மட்டுமே தெரியும். வலி பிந்தித்தான் வரும். வலி இல்லையே என்று அலட்சியம் செய்யாமல், ஓடும் நீரில் 20 நிமிடமாவது கையைக் காட்ட வேண்டும். ஹைட்ரோ ஃப்ளோரிக் அமிலம் புழங்கும் இடங்களில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் மட்டும் அதற்குப் போதாது. உயர் அழுத்த ஹைட்ராலிக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டும். ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளி தெரியும், ரத்தம்கூட வராது. ஆனால் எண்ணெய் தோலுக்கடியில் பாய்ந்து விரல் முழுதும் பரவியிருக்கும். அன்றே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலை எடுக்க நேரிடும்.

தொழிற்சாலை வாயிலுக்கு வெளியே இருக்கும் கைகளையும் மறக்கலாகாது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி உடைக்கும் கொட்டகைகளில் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் மறக்காது. முந்திரி ஓட்டில் உள்ள எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் இருக்கின்றன. அவை தோலை அரித்துப் புண்ணாக்குபவை. விரல் நுனிகள் கறுத்து, தோல் பாளம் பாளமாக உரிந்து, ரேகைகள் மங்கியிருக்கும். உடைப்பதற்கு முன் எண்ணெயையும் சாம்பலையும் பூசிக்கொள்கிறார்கள். அது ஓரளவே காக்கும். கையுறை போட்டால் பருப்பு உடையாமல் எடுக்கும் நுட்பம் விரலுக்குக் கிடைப்பதில்லை, எடைக் கணக்கில் கூலி குறைகிறது என்கிறார்கள். அவர்களுக்குப் பொருந்தும் மெல்லிய நைட்ரைல் கையுறையை அடிக்கடி மாற்றித் தருவதும், அதற்கேற்பக் கூலியைத் திருத்துவதும் முந்திரி வணிகர்கள் மனம் வைத்தால் நடக்கக்கூடியவையே. கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் தேங்காய்த்திட்டிலும் ஐஸ் கட்டி உடைக்கும் இயந்திரத்தின் வாயில் கட்டியைக் கையால் தள்ளுவதையும், சாலையோரக் கரும்புச் சாறு இயந்திரத்தில் சக்கையை மடித்து ரோலருக்குள் திணிப்பதையும் தினம் பார்க்கிறோம். ஒரு முழ நீளத் தகட்டுக் குழாயை வாயில் பொருத்தினால் கை ரோலரை எட்டாது.

சட்டத்தின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணைப்படி, கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ போனால் 7. இ.எஸ்.ஐ. திட்டமும் இதே அளவுகோலைத்தான் பின்பற்றியது. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவர் ஆள்காட்டி விரலை இழந்தால், ஊதியத்தில் 90 விழுக்காடான 13,500 ரூபாயில் 14 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 1,890 ரூபாய், மாதந்தோறும் வாழ்நாள் முழுதும் கிடைக்கும். மைக்ரோமீட்டர் பிடித்து வேலை செய்த டர்னர் ஒருவருக்கு அந்த விரல் 14 விழுக்காடுதானா என்பதைப் படிப்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இந்தத் தொகையும் இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்தவர்களுக்கே எளிதில் கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாள் நேர்ந்த காயத்துக்கும் உரிமை உண்டு என்றிருக்க, விபத்து நடந்த பிறகு அவசரமாகப் பெயரைச் சேர்க்க ஓடும் ஒப்பந்ததாரர்களை நான் அறிவேன்.

காப்பில்லாத இயந்திரத்தால் கடுங்காயம் ஏற்பட்டால் விதிக்க வேண்டிய குறைந்தபட்ச அபராதமாக 1948 சட்டம் வைத்திருந்தது 5,000 ரூபாய். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 2 லட்சம் முதல் 4 லட்சம்வரை உயர்த்தி, அதில் பாதிக்குக் குறையாத தொகையைக் காயமுற்றவருக்கே கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்றும் சொல்கிறது. இதை மனதார வரவேற்கிறேன். அதே சட்டம், மின்விசையோடு இயங்கும் இடத்தைத் தொழிற்சாலை என்று கொள்ள 10 தொழிலாளர் போதும் என்றிருந்ததை 20 ஆக்கியிருப்பதுதான் கவலை தருகிறது. சாவி கிளட்ச் பிரஸ்களும் காப்பில்லாத ரம்பங்களும் மிகுதியாக இருப்பது 12 பேர், 15 பேர் வேலை செய்யும் பட்டறைகளில்தான். ஆள் எண்ணிக்கையைப் பார்க்காமல், பிரஸ், ரம்பம், ரோலர் ஆகியவை இருக்கும் இடங்கள் அனைத்தையும் ஆய்வுக்குள் கொண்டுவரும் வழியைத் தமிழக, புதுச்சேரி அரசுகள் காண வேண்டும்.

விரல் துண்டானால் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒவ்வொரு பட்டறைச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். காப்பித்தூளும் மஞ்சளும் அப்பக் கூடாது. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். துண்டான விரலை அழுக்குப் போக மெல்ல அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள பாத்திரத்தில் வைக்க வேண்டும். விரல் நேராக ஐஸில் படக் கூடாது; பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். குளிர்ச்சியில் ஒழுங்காக வைத்த விரலை 12 மணி நேரம் கழித்தும் ஒட்ட வாய்ப்புண்டு. வெறுமனே கொண்டுபோனால் அந்த அவகாசம் பாதியாகக் குறைந்துவிடும். நசுங்கிப்போன விரல் எல்லாமே ஒட்டும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரி துறை இருக்கிறது. சிறு மருத்துவமனைகளில் தையல் போட்டுக் காலத்தைக் கடத்தாமல், 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போதே விரல் துண்டாகிவிட்டது என்று சொல்லி, அத்தகைய துறை உள்ள இடத்துக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் சில மாதங்களில்தான் புதியவர்களின் கைகள் அதிகம் அடிபடுகின்றன. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வரும் நம் பிள்ளைகளும், பீகார், ஒடிசாவிலிருந்து வந்து ஒப்பந்த முறையில் வேலை செய்பவர்களும் இதில் முன்னால் நிற்கிறார்கள். எச்சரிக்கைப் பலகைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தால் ஒடிசா இளைஞர் எப்படிப் படிப்பார்? அவர்கள் மொழியில் ஒருவர் பக்கத்தில் நின்று கையால் செய்து காட்டிப் புரியவைத்த பிறகே இயந்திரத்தை ஒப்படைக்க வேண்டும். கையுறையின் நுனி மட்டும் வெட்டுப்பட்டு விரல் தப்பிய சம்பவங்களை மறைக்காமல் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். சொன்னவரைத் திட்டினால் அடுத்தமுறை எவரும் சொல்ல மாட்டார்.

தமிழகத்தில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும், புதுச்சேரியில் தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் தலைமை ஆய்வாளர் அலுவலகமும் இருக்கின்றன. முன்கூட்டியே தெரிவித்துவிட்டுப் பகலில் வரும் ஆய்வின்போது எல்லாக் காப்புகளும் தம் இடத்தில் இருக்கும். இரவு இரண்டாவது, மூன்றாவது ஷிப்டுகளில் அறிவிக்காமல் வந்து பார்க்கும்படி இரு அலுவலகங்களையும் கேட்டுக்கொள்கிறேன். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்பது 1948 சட்டத்தின் 118ஏ பிரிவிலேயே இருந்த பாதுகாப்பு. இதைத் தொழிலாளர்கள் பலர் அறியாமல் இருக்கிறார்கள். கிருமாம்பாக்கம் பக்கத்து ஆலைகளுக்குக் கடலூர் மாவட்டக் கிராமங்களிலிருந்து தினமும் எல்லை தாண்டி வருபவர்கள், எந்த அலுவலகத்தில் முறையிடுவது என்றே தெரியாமல் தவிக்கிறார்கள். இரு அலுவலகங்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தங்கள் நாளிதழ் வாரம் ஒருமுறை வெளியிட்டால், அவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளர்,
ரெட்டியார்பாளையம், புதுச்சேரி.